வாடையில்லாத பெயிண்ட்

சுவரில் மூன்று நிறங்களைப் பட்டை பட்டையாக இழுத்துவிட்டு இசக்கிமுத்து டீ குடிக்கப் போய்விட்டான். நான் வாரதுக்குள்ள ஒண்ணைச் சொல்லிருங்க யக்கா, கடையில சொன்னாத்தான் கலக்கித் தருவான் என்று வாசல்வரை சொல்லிக்கொண்டே போனான். டீக்கடை தெருமுனையில்தான். ஒரு டீ, ஒரு வடை, நாலு பேரிடம் நாலு வார்த்தை. சண்முகவடிவுக்கு அவ்வளவுதான் அவகாசம். படுக்கையறையின் நடுவில் கட்டிலும் பீரோவும் நாற்காலியும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, மேலே அவளுடைய பழைய சேலைகளைப் போர்த்திக்கொண்டு நின்றன. அவள் ஷேடு கார்டைக் கையில் பிடித்தபடி சுவரைப் பார்த்தாள். இடது ஓரத்தில் தயிர்சாதம் மாதிரி ஒரு வெள்ளை. நடுவில் வெங்காயச் சருகு. வலது ஓரத்தில் சோப்பு நுரையில் கொஞ்சம் நீலம் விட்டது போல ஒன்று. கார்டில் இவற்றுக்கெல்லாம் இங்கிலீஷில் என்னென்னவோ பேர் போட்டிருந்தது, பெற்ற பிள்ளைக்குக்கூட இவ்வளவு யோசித்துப் பேர் வைத்திருக்க மாட்டார்கள். சேலைக்கடை என்றால் அவளை யாரும் அசைக்க முடியாது. மகள் ரஞ்சனியின் முகூர்த்தப் பட்டு எடுக்கப் போனபோது, மலையாகக் குவித்துப் போட்டிருந்ததில் அரக்கில் மயில்கழுத்துக் கரை போட்ட ஒன்றை ஒரே இழுப்பில் உருவி எடுத்தவள் அவள். கடைக்காரரே வாயைப் பிளந்தார். அப்படிப்பட்டவளுக்கு ஒரு சுவருக்குக் கலர் சொல்வதா பெரிய காரியம்? ஆனால் சேலை பிடிக்கவில்லை என்றால் அவிழ்த்துக் கொடியில் போட்டுவிடலாம். சுவரை அப்படிச் செய்ய முடியாது, அதற்குள் போய்ப் படுக்க வேண்டும்.

படுக்க வேண்டும் என்ற வார்த்தையில் வந்து மனசு முட்டிக்கொண்டு நின்றது. காலையிலிருந்து இதே கதைதான். எந்தப் பக்கம் ஓடினாலும் சுற்றிக்கொண்டு இதே இடத்துக்குத்தான் வருகிறது. கல்யாணத்துக்கு வீடு முழுக்க வெள்ளையடிப்பது ஊர் வழக்கம், அதில் ஒன்றும் இல்லை. ஹாலுக்கு, பூஜை அறைக்கு, வெளிச்சுவருக்கு, மொட்டைமாடிக் கைப்பிடிக்கு எல்லாம் அவள் புருஷன் ஆவுடையப்பனே கலர் சொல்லி முடித்துவிட்டார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் நிச்சயதார்த்தத்தன்று, மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் கையில் காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருந்தபோது, "எங்க பெட்ரூமுக்கு மட்டும் வடிவு இஷ்டம். அவ சொல்லுத கலர்தான்" என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார். சம்பந்தியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கொடுத்துவைத்தவங்க மதினி நீங்க என்றாள். வடிவு சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்ய? ரஞ்சனியின் அறையை ஒட்டித்தான் குளியலறை இருக்கிறது, மறுவீட்டுக்கு வரும் மாப்பிள்ளையும் பொண்ணும் அங்கேதான் தங்க வேண்டும். பதினோரு வருஷமாக அந்த அறையில் மகளுக்குப் பக்கத்தில் போட்டிருந்த வடிவின் கட்டிலை, புதுசாக் கல்யாணமானவங்க ரூம்ல ரெண்டு கட்டில் கிடந்தா நல்லாவா இருக்கும் என்று சொல்லிப் போன வாரமே அவர் தன் தம்பி வீட்டுக்கு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். நியாயம்தானே என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் எதைச் செய்தாலும் நியாயமாகத்தான் இருக்கும். அதுதான் அவளுக்குப் பெரிய தொந்தரவு.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே அறைக்கு இளம்பச்சை அடித்தார்கள். அன்றைக்கு அந்த வாடை அவள் நெஞ்சில் நிஜமாகவே ஏறிவிட்டது. மூச்சு விசிலடித்தது. டாக்டர் மாத்திரை கொடுத்து, வாடை போகிறவரைக்கும் அந்தப் பக்கம் போகாதீங்க என்றார். ரஞ்சனி அப்போது சின்னவள், வாம்மா என்று தன் கட்டிலில் பாதியை ஒதுக்கிக் கொடுத்தாள். அந்த முதல் ராத்திரி அவள் தூங்கிய தூக்கம்! விடிந்து, பால்காரர் மணியடித்து, எதிர்வீட்டுக் கோலம் முடிந்து, பிள்ளை தானாகவே எழுந்து பல் தேய்த்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. கண் விழித்தபோது ஏதோ வெளியூருக்கு வந்துவிட்டது போல் இருந்தது. உடம்பு முழுக்க லேசாக இருந்தது. நாலைந்து நாளில் மூச்சு சரியாகிவிட்டது, வாடையும் போய்விட்டது. வாடை போயிருச்சா வடிவு என்று ஆவுடையப்பன் கேட்டார். அவள் அறை வாசலில் நின்று மூக்கைச் சுருக்கிப் பார்த்தாள். பச்சைச் சுவர் சும்மா இருந்தது. இன்னும் வருதுங்க என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. அவர் உள்ளே போய் மோந்து பார்த்துவிட்டு, எனக்கு ஒண்ணும் வரலியே என்றார். எனக்கு வருது என்றாள். அவ்வளவுதான், அங்கே பேச்சு நின்றுபோயிற்று. நின்றுபோயிற்று என்பதை நம்ப முடியாமல் அவள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அவளுடைய கை, கால், கண், நாக்கு, சிரிப்பு எல்லாவற்றையும் பற்றி அவரால் கேள்வி கேட்க முடியும். மூக்குக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் அவரால் பார்க்க முடியாது.

கேள்விதான். வேறொன்றும் இல்லை. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றால் எப்படி ஆரம்பிப்பது? அடித்தாரா, இல்லை. குடித்தாரா, வெற்றிலைகூடப் போடமாட்டார். கத்தினாரா, அவர் குரல் உயர்ந்து தெருவில் யாரும் கேட்டது கிடையாது. ராத்திரி கதவைச் சாத்தி, ஜீரோ வாட் பல்பைப் போட்டு, அவள் சுவரைப் பார்க்கத் திரும்பிப் படுத்த பிறகு, முதுகுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வரும். மெதுவாக, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற மாதிரி. "இன்னைக்கு உன் அத்தான் வந்தாருல்லா, அவர் சொன்னதுல சிரிக்கதுக்கு என்ன இருந்துச்சு? சும்மாதான் கேக்கேன்." ஒன்றுமில்லை என்றால், ஒன்றுமில்லாமல் யாராவது சிரிப்பார்களா என்பார். வேடிக்கையாகச் சொன்னார் என்றால், அதில் எது வேடிக்கை என்பார். மறந்துவிட்டது என்றால், மறக்கிற மாதிரி ஏன் சிரித்தாய் என்பார். ஒவ்வொன்றுக்கும் முடிவில் சும்மாதான் கேக்கேன். மோரில் உப்பு ஏன் கூடியது, மாடியில் துணி காயப்போட இவ்வளவு நேரம் எதற்கு, போனில் யாரிடம் அக்கா என்றாய், அந்த அக்காவுக்கு ஒரு தம்பி உண்டல்லவா. பதில் சொல்லச் சொல்ல அவள் நாக்கே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். கடைசியில் என்ன தப்பு என்றே தெரியாமல், தப்புதான் என்பாள். தப்புதான் என்ற உடனே அவர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டுத் தூங்கிப்போவார், குறட்டைகூட இருக்காது. அவள்தான் விழித்துக் கிடப்பாள். ஒரு தடவை அம்மாவிடம் சொல்லிப் பார்த்தாள். கேட்டா பதிலைச் சொல்லிட்டுப் போயேன், உன்னை என்ன அடிக்கவா செய்தாரு என்றாள் அம்மா. அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

அந்த நாட்களில் பிடித்துக்கொள்ள அவளுக்குச் சுவரில் ஒரு இடம் இருந்தது. பூச்சு கொஞ்சம் பெயர்ந்து, ஆட்டுக்காது மாதிரி ஒரு தழும்பு. கேள்வி வர வர அவள் அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருப்பாள். காதுக்குக் கீழே கழுத்து இருக்கிறதா, கொம்பு எந்தப் பக்கம் வரும் என்று யோசிப்பாள். ஒன்றிரண்டு கேள்விகள் அப்படியே அவளைத் தாண்டிப் போய்விடும். இப்போது அந்த இடத்தைத் தேடினாள். இசக்கிமுத்து முந்தாநாளே சுரண்டி, பட்டி போட்டு, உப்புத்தாள் தேய்த்து வழவழவென்று ஆக்கிவிட்டான். எங்கே இருந்தது என்றுகூடத் தெரியவில்லை. கையை வைத்துத் தடவிப் பார்த்தாள், விரலில் வெள்ளைத் தூள்தான் ஒட்டியது. நல்ல வேலைக்காரன்தான். சரி, ஆட்டுக்காது போனால் போகட்டும், கலரையாவது பார்த்து எடுப்போம் என்று மறுபடி மூன்று பட்டைகளுக்கும் வந்தாள். மற்றவர்கள் பகலில் எப்படி இருக்கும் என்று பார்ப்பார்கள். அவள் கண்ணை இடுக்கிக்கொண்டு ஜீரோ வாட் வெளிச்சத்தில் எப்படி இருக்கும் என்று பார்த்தாள். தயிர்சாத வெள்ளை ராத்திரியில் மஞ்சளாகி ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி ஆகிவிடும், அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் யாராவது பேர் கூப்பிடக் காத்திருப்பவர்கள். நீலம் குளிரும். குளிர்ந்தால் போர்த்திக்கொள்ளத் தோன்றும், போர்த்திக்கொண்டால் ஏன் முகத்தை மூடுகிறாய் என்று கேட்பார். வெங்காயச் சருகு? அது பரவாயில்லை. அது அவளுக்குப் பிடித்த நிறம், அந்த நிறத்தில் ஒரு சின்னாளப்பட்டிச் சேலை வெகு நாள் வைத்திருந்தாள். பிடித்த நிறத்தைப் போய் இந்தச் சுவரில் அடித்தால் கொஞ்ச நாளில் அதுவும் பிடிக்காமல் போகுமே. அதற்காகப் பிடிக்காததை எடுப்பதா? பிடிக்காததை எடுத்தால், உனக்குப் பிடிச்சதை எடுக்கச் சொன்னேனே, ஏன் இதை எடுத்தே, சும்மாதான் கேக்கேன். அவள் கார்டை மடக்கினாள், பிறகு மறுபடி விரித்தாள்.

பொய் ஒன்றும் இலவசமாக வந்துவிடவில்லை. வடிவுக்குப் பெயிண்ட் ஆகாது என்று சொந்தபந்தம் முழுக்கப் பரவிவிட்டது. அவளும் அதற்கு ஏற்ற இருமலைப் பழகிக்கொண்டாள். புதுக்கதவைப் பார்த்தால் இரண்டு இருமல், பெயிண்ட் கடையைத் தாண்டினால் முந்தானையால் மூக்கை மூடல். கூடப்பிறந்த தங்கை கோமு கடன் வாங்கி, நகையை விற்று, ஆசை ஆசையாகக் கட்டிய வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் வைத்தபோது அவளால் போக முடியவில்லை. போயிருக்கலாம். புதுப் பெயிண்ட் வீட்டில் போய் உட்கார்ந்து பால் குடித்துவிட்டு, திரும்பி வந்து எங்கள் அறையில் வாடை என்று எப்படிச் சொல்வது? தங்கை வாசலில் குத்துவிளக்கேற்றும்போது இவள் இங்கே ஹாலில் தனியாக உட்கார்ந்து, வராத மூச்சிரைப்புக்கு ஆவி பிடித்துக்கொண்டிருந்தாள். கோமு இன்றைக்கும் அதை மறக்கவில்லை. அந்த நாளை நினைத்தால் வடிவுக்கு இப்போதும் நெஞ்சை அடைக்கிறது, இது நிஜமான அடைப்பு. ரஞ்சனி மட்டும் ஒரே ஒரு தடவை, காலேஜ் போகிற வயதில், அம்மா உனக்கு நெசமாவே வாடை வருதா என்று இருட்டில் கேட்டாள். வருதுட்டி என்றாள் வடிவு.  பிறகு ரஞ்சனி எழுந்து ஃபேனை அம்மா பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. அந்தப் பிள்ளை இனி சென்னையில், இன்னொருவர் வீட்டில் இருப்பாள். நல்லபடியாக இருக்க வேண்டும், அதற்குத்தானே கல்யாணம். தாய்க்குத் தூங்க இடமில்லை என்பதற்காக மகளைக் கட்டிக்கொடுக்காமல் இருக்க முடியுமா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

இப்போது இந்த வாடையில்லாத பெயிண்ட் வந்து தொலைத்திருக்கிறது. வடிவுக்காகவேதான் விலை கூடுனதா வாங்குறேன், காலையில அடிச்சா ராத்திரி படுத்துக்கலாமாம் என்று ஆவுடையப்பன் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். உலகத்தில் எதற்கெல்லாமோ மருந்து கண்டுபிடிக்காமல் கிடக்கிறார்கள், இதைப் போய்க் கண்டுபிடித்திருக்கிறார்களே என்று அவளுக்குக் கோபமாக வந்தது. கோபம் வந்த வேகத்தில் சுவரருகே போய், இன்னும் ஈரம் காயாத வெங்காயச் சருகின்மேல் மூக்கை வைத்தாள். ஒன்றுமில்லை. வெள்ளையில் வைத்தாள், நீலத்தில் வைத்தாள். இழுத்து மோந்தாள். நனைந்த பட்டியின் மண்வாசம் கொஞ்சம் வந்தது, போர்த்தியிருந்த பழைய சேலைகளிலிருந்து பூச்சி உருண்டை வந்தது, தன் கழுத்திலிருந்து காலையில் பூசிய மஞ்சள் வந்தது. பெயிண்ட் மட்டும் வரவில்லை. ஏதாவது ஒரு வாடை, அழுகல், மண்ணெண்ணெய், எலி செத்தது, எதுவாவது கிடைக்காதா என்று பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்து மோந்தாள். கதவுக்கு அடிக்கிற எனாமல் நாறுமே என்று ஒரு நிமிஷம் நெஞ்சு குதித்தது. உடனே ஞாபகம் வந்தது, கதவுக்கும் அதே ஜாதியில் தண்ணீர் கலக்கிற பெயிண்ட்தான் என்று அவர் இசக்கியிடம் முதல் நாளே சொல்லிவிட்டார். அவர் எதையும் விடமாட்டார். ஐம்பத்திரண்டு வயதில், இரண்டு நாளில் சம்பந்தி வீட்டுக்கு முறுக்குச் சுற்ற வேண்டிய பொம்பளை, சுவரைச் சுவராக மோந்துகொண்டு நிற்கிறோமே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் பயம் வந்தது, தன்னையறியாமல் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. யாரும் இல்லாதபோதுகூடச் சிரித்ததற்குக் காரணம் தேட வேண்டியிருக்கிறது என்று நினைத்தபோது கண்ணில் நீர் முட்டியது.

வேறு எங்கே படுப்பது? ஹாலில் படுத்தால் பால்காரரிலிருந்து பேப்பர்காரர்வரை பார்ப்பார்கள். அடுக்களையில் காலை நீட்ட முடியாது. ஸ்டோர் ரூம் இருக்கிறது. அரிசி டிரம், தேங்காய்ச் சாக்கு, தீபாவளிக்கு மட்டும் இறங்குகிற பெரிய உருளி, அவள் தையல் மிஷின். கைக்குட்டை அகலத்தில் ஒரு ஜன்னல், அதில் பக்கத்து வீட்டு முருங்கை. டிரம்மை வெளியே எடுத்தால் ஒரு ஆள் நீட்டிப் படுக்கலாம். படுக்கலாம்தான், ஆனால் என்ன காரணம் சொல்வது? மறுவீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்களே, வாடையில்லாத அறையை விட்டுவிட்டு வீட்டுக்காரி எதற்கு அரிசி டிரம்மோடு படுக்கிறாள் என்று. அவர் கேட்க வேண்டாம், ஊரே சும்மாதான் கேக்கோம் என்று கேட்கும். காரணம் இல்லாமல் அவள் இந்த வீட்டில் ஒரு டம்ளரைக்கூட இடம் மாற்றி வைத்ததில்லை. காரணம், காரணம் என்று மனசு துழாவிக்கொண்டிருந்தபோது, வெளியே செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. இரண்டு ஜோடி. கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போயிருந்தவர் வழியில் இசக்கியைப் பார்த்துக் கூட்டிக்கொண்டே வந்துவிட்டார். அவள் அவசரமாக முந்தானையால் மூக்கு நுனியைத் துடைத்தாள், வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது.

என்ன வடிவு, முடிவு பண்ணியாச்சா என்று கேட்டுக்கொண்டே ஆவுடையப்பன் வந்தார். முகத்தில் சந்தோஷம்தான். நடுவுல உள்ளது என்று அவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது. இசக்கி, நல்ல கலர் யக்கா என்று சொல்லிக் கார்டை வாங்கக் கையை நீட்டினான்.

"நடுவுல உள்ளதா? ஏன், அந்த நீலத்துக்கு என்ன?" என்றார் அவர். "சும்மாதான் கேக்கேன்."

பட்டப்பகல். ஜன்னல் திறந்திருந்தது, தெருவில் காய்கறி வண்டி போய்க்கொண்டிருந்தது. வெளிச்சமா இருக்கும்னு நினைச்சேன் என்றாள். அப்ப நீலம் வெளிச்சமா இல்லியா என்றார். இசக்கி அதை ஏதோ புருஷன் பெண்டாட்டி வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான். வடிவுக்கு அடுத்தது தெரிந்தது, அதற்கடுத்ததும் தெரிந்தது, தப்புதான் என்று முடிகிற இடம்வரைக்கும் வரிசையாகத் தெரிந்தது. இந்தச் சுவரில் எந்த நிறத்தை அடித்தாலும் அது அங்கேதான் போய் முடியும். ஆட்டுக்காதும் இல்லை. அவள் பார்வை போய் நிற்க இடமில்லாமல் அவர் முகத்திலேயே நின்றது.

"வாடை வருது" என்றாள்.

இசக்கி பதறிப்போனான். இதுல வாடையே கிடையாது யக்கா, பச்சப்பிள்ளையக் கொண்டாந்து படுக்கப் போடலாம் என்றான். ஆவுடையப்பன் சுவரில் குனிந்து நிதானமாக மோந்தார். எனக்கு ஒண்ணும் வரலியே என்றார். அவளுக்குத் தொண்டையில் அந்தப் பழகிய இருமல் ஏறி வந்தது. அதை விழுங்கினாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, இருமாமல், மூக்கை மூடாமல், நேராக நின்றாள். 

"மூணு பட்டை தவிர இன்னும் பெயிண்டே அடிக்கலியே வடிவு. அதுக்குள்ள எப்படி வரும்?"

"இது பெயிண்ட் வாடை இல்லீங்க."

 இதற்கு மேல் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. பின்ன என்ன வாடை என்று சின்னப் பிள்ளைகூடக் கேட்டுவிடும். அவள் காத்திருந்தாள். கேட்டால் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தாள், இசக்கி நின்றாலும் சரி, தெருவே நின்றாலும் சரி. ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். இசக்கியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையில் கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார். அவருக்கு எல்லாம் தெரியும் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் எதற்காக இந்த அறையை விட்டுப் போனாள் என்று இத்தனை வருஷமும் தெரியும்.

அவள் ஷேடு கார்டை அவர் கையில் வைத்தாள். கலரை நீங்களே சொல்லுங்க, படுக்கப்போறது நீங்கதானே என்று சாதாரணமாகத்தான் சொன்னாள். அவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். இசக்கியிடம், ஸ்டோர் ரூமுக்கு வெள்ளையடிச்சாப் போதும், அரிசி டிரம்மை வெளியே எடுக்கணும், ஒரு கை பிடி என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். அவன் ஒன்றும் புரியாமல் பின்னாலேயே வந்து, டிரம்மை நகர்த்தி, அந்த இடத்தைக் கண்ணால் அளந்து பார்த்தான்.

"இதுக்குள்ள கட்டில் கொள்ளாதே யக்கா."

"பாய் கொள்ளும்" என்றாள் வடிவு.